இரவு ஷிப்ட் ரூம் பாய் எட்டிப் பார்க்கிறார் என்று சந்தேகம் வந்தால்: பூட்டு, கேமரா, சட்டம், சிகிச்சை

#1 லினன்ரூம்

நிலைமையை இப்படி வைத்துக்கொள்வோம். மலைப் பகுதியில் 40 அறை லாட்ஜ். இரவு 10 முதல் காலை 6 வரை மாடிக்கு ஒரே ஆள். வெளிமாநிலத்துக்காரர், வயது இருபத்தைந்துக்குள். அவர் பேசும் மொழி அங்கே வேறு யாருக்கும் தெரியாது. மொட்டை மாடி ஷெட்டில் தங்கல். இரண்டு அறைகளிலிருந்து புகார்: "ராத்திரி கதவுக்கு வெளியே யாரோ நின்றார்கள்." கையில் ஆதாரம் எதுவும் இல்லை.

மூன்று கேள்விகள். அறைக்குள் போனாரா என்று எப்படிச் சரிபார்ப்பது? ஏதாவது வைத்திருக்கிறாரா என்று எப்படித் தேடுவது? உண்மையாகவே இருந்தால் அந்த மனிதரை என்ன செய்வது? சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டால் பக்கத்து லாட்ஜில் அதே மாடி வேலைக்குச் சேர்ந்துவிடுவார். அதைத் தீர்வு என்று சொல்ல மனம் வரவில்லை.

#2 சாவிக்கொத்து

கார்டு பூட்டு என்றால் பதில் பூட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆஃப்லைன் பூட்டுகளில் பெரும்பாலானவை கடைசி சில நூறு திறப்புகளையாவது நினைவில் வைத்திருக்கும். கையடக்கக் கருவியை இணைத்து அந்தப் பதிவை இறக்குங்கள்.

பதிவைப் படிப்பதற்கு முன் பூட்டின் கடிகாரத்தைப் பாருங்கள். இந்தப் பூட்டுகள் நெட்வொர்க்கில் இல்லை. உள்ளே இருக்கும் நான்கு ஏஏ பேட்டரியை மாற்றும்போது பல மாடல்களில் நேரம் தவறிவிடும். மாற்றாவிட்டாலும் மாதக்கணக்கில் நிமிடங்கள் விலகும். பூட்டு 3 மணி நேரம் பின்தங்கியிருந்தால், இரவு 8 மணிக்கு டவல் கொடுக்கப் போனவரை மாலை 5 மணிக்கு அத்துமீறியவர் ஆக்கிவிடுவீர்கள். கருவி காட்டும் நேரமும் உங்கள் போன் காட்டும் நேரமும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். வித்தியாசத்தைத் தாளில் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போடுங்கள்.

பிறகு இரவு 10-க்குப் பின் ஃப்ளோர் மாஸ்டர் கார்டு (அந்த மாடியின் எல்லா அறைகளையும் திறக்கும் ஊழியர் கார்டு) திறந்த வரிகளை மட்டும் தனியே எடுங்கள். ரிசப்ஷன் அழைப்புப் பதிவேட்டை (தண்ணீர், கம்பளி, ஏசி புகார்) பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அழைப்பு இருந்து திறந்தது வேலை. அழைப்பே இல்லாமல் திறந்தது கேள்வி. உள்தாழ்ப்பாள் போட்டிருந்ததால் திறக்காமல் போன முயற்சிகளையும் சில மாடல்கள் குறித்து வைக்கும், அவற்றை விட்டுவிடாதீர்கள்.

இதெல்லாம் நடக்க ஒரு நிபந்தனை இருக்கிறது. ரிசப்ஷன் ஆணியில் ஒரே ஒரு மாஸ்டர் கார்டு தொங்கி, தேவைப்பட்டவர் எடுத்துப் போகும் இடமாக இருந்தால், பதிவு "மாஸ்டர் 2" என்று மட்டும்தான் சொல்லும். யார் கை என்று சொல்லாது. ஆளுக்கு ஒரு கார்டு, ஷிப்ட் தொடக்கத்தில் கையெழுத்து, முடிவில் ஒப்படைப்பு. உள்தாழ்ப்பாளையும் மீறித் திறக்கும் எமர்ஜென்சி கார்டு உறையில் ஒட்டி, உறையின் மேல் கையெழுத்துப் போட்டு, மேனேஜர் பெட்டியில் இருக்க வேண்டும்.

#3 லினன்ரூம்

பழைய லாட்ஜ் என்றால்? சாவித் துவாரப் பூட்டுதான், கார்டு இல்லை.

#4 சாவிக்கொத்து

அப்படியானால் பதிவு கிடைக்காது. பார்வை போகும் வழிகளை அடைக்க வேண்டியதுதான். ஒரு ஆள் அறைக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்க, இன்னொருவர் இருட்டு வராந்தாவிலிருந்து ஒவ்வொரு அறையாகப் பாருங்கள். சோதனையைப் பகலில் செய்தால் பாதி ஓட்டைகள் தெரியாது. வெளியே இருட்டாக, உள்ளே வெளிச்சமாக இருக்கும்போதுதான் பார்வை உள்ளே போகும்.

பெரும்பாலும் சிக்குபவை: சாவித் துவாரம் (ஆடும் மூடி வைத்த தகடு போதும்), கதவடி இடைவெளி (பிரஷ் ஸ்ட்ரிப் ஒட்டினால் ஒலியும் குறையும்), திரைச்சீலை ஜன்னல் ஓரத்தில் விடும் இரண்டு விரல் சந்து, எல்லாவற்றையும் விட முக்கியமாகப் பாத்ரூம் வென்டிலேட்டர். நம் பக்கத்துப் பழைய லாட்ஜ்களில் அந்தக் கண்ணாடி லூவர் (சாய்ந்த கண்ணாடிப் பட்டைகள்) பொது டக்டை, அதாவது குழாய்கள் போகும் சந்தைப் பார்த்தோ பின்பக்க வராந்தாவைப் பார்த்தோ இருக்கும். குழாய் ரிப்பேர் என்று டக்டுக்குள் யார் நின்றாலும் யாரும் கேட்கப் போவதில்லை. லூவரை எடுத்துவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனும் பனிக்கண்ணாடியும் போடுங்கள். டக்ட் கதவுக்குத் தனிப் பூட்டு, தனிச் சாவிப் பதிவேடு. இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதிக் கவலை தீரும்.

#5 வயர்மேன்

டோர் ஐ, அதாவது கதவில் இருக்கும் பார்வைத் துளை, விட்டுப்போயிற்று. அது உள்ளிருந்து வெளியே பார்க்கச் செய்த லென்ஸ். வெளியிலிருந்து பார்த்தால் மங்கலான ஒளிப் புள்ளிக்கு மேல் எதுவும் தெரியக் கூடாது. அறை தெளிவாகத் தெரிந்தால் யாரோ கழற்றித் திருப்பி மாட்டியிருக்கிறார்கள், அல்லது உள் லென்ஸை எடுத்திருக்கிறார்கள். உள்பக்கம் மூடி உள்ள மாடலாக மாற்றி, மரையில் திருகுப் பசை போட்டு இறுக்குங்கள்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 2008-இல் நடந்தது இதுதான். பெண் விளையாட்டுச் செய்தியாளர் ஒருவர் தங்கியிருந்த ஓட்டலில், ஒருவன் அவருக்குப் பக்கத்து அறையையே கேட்டு வாங்கி, டோர் ஐயைக் கெடுத்து வீடியோ எடுத்தான். 2016-இல் நடுவர் குழு 5.5 கோடி டாலர் இழப்பீடு என்று தீர்ப்பளித்தது. அதில் 49 சதவீதப் பொறுப்பை ஓட்டலை நடத்தியவர்கள் தலையில் வைத்தது. "இன்னார் இங்கே தங்கியிருக்கிறாரா, பக்கத்து அறை கிடைக்குமா" என்ற கேள்விக்கு ரிசப்ஷன் சொல்லும் பதில் எவ்வளவு பெரிய விஷயம் என்று புதிதாகச் சேர்பவர்களுக்கு இதைத்தான் உதாரணம் காட்ட வேண்டும்.

இனி கேமரா தேடுவது. மின்சாரம் எங்கே கிடைக்கும் என்று முதலில் யோசியுங்கள். சின்னப் பேட்டரி கேமரா தொடர்ந்து ஓடினால் சில மணி நேரம்தான் தாங்கும். நாள் கணக்கில் ஓட வேண்டுமானால் லைனிலிருந்து கரண்ட் எடுத்தாக வேண்டும். எனவே பிளக் பாயிண்ட், யுஎஸ்பி சார்ஜர், டிவி பெட்டி, செட்டாப் பாக்ஸ், மேசைக் கடிகாரம், புகை உணரி, கீசர் பக்கத்து ஸ்விட்ச் பெட்டி. தென் கொரியாவில் 2019 மார்ச்சில் போலீஸ் அறிவித்த வழக்கில் 10 நகரங்களில் 30 மோட்டல்கள், 42 அறைகள், சுமார் 1600 விருந்தினர். 1 மில்லிமீட்டர் லென்ஸ் கேமராக்கள் டிவி பெட்டியிலும், சுவர் பிளக்கிலும், ஹேர் டிரையர் மாட்டும் தாங்கியிலும் இருந்தன. மூன்றும் கரண்ட் உள்ள இடங்கள்.

தேடும் முறை: விளக்கை அணைத்து, திரையை மூடி, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்து, கட்டிலையும் பாத்ரூமையும் பார்க்கும் ஒவ்வொரு பொருளையும் மெல்ல வருடுங்கள். லென்ஸ் இருந்தால் ஒளியை வந்த வழியே திருப்பி, ஊசிமுனைப் புள்ளியாக மின்னும். டார்ச்சைக் கையில் தள்ளிப் பிடித்தால் அந்த மின்னல் கண்ணுக்கு வராது. "ஒன்றும் இல்லை" என்று தவறாக முடிவு செய்பவர்களில் பலர் தவறுவது இங்கேதான். அறைக்குக் குறைந்தது 10 நிமிடம் கொடுங்கள்.

#6 நைட்ஆடிட்

கண்ணாடியில் விரல் வைத்துப் பார்க்கும் சோதனையும் (விரலுக்கும் பிம்பத்துக்கும் இடைவெளி இல்லை என்றால் பின்னாலிருந்து பார்க்கும் இருவழிக் கண்ணாடி என்பார்கள்) வைஃபை ஸ்கேன் செய்யும் ஆப்பும் இருக்கின்றனவே. அதைவிட எளிதாயிற்றே?

#7 வயர்மேன்

இரண்டையும் நம்பி நிற்காதீர்கள்.

விரல் சோதனை, ரசப்பூச்சு கண்ணாடியின் முன்பக்கம் இருக்கிறதா பின்பக்கமா என்பதை மட்டும் காட்டும். முன்பக்கப் பூச்சுள்ள சாதாரண அலங்காரக் கண்ணாடியும் உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் சுவரா வெற்றிடமா என்று தட்டிப் பாருங்கள். கைகளைக் குவித்து வெளிச்சத்தை மறைத்து, முகத்தை ஒட்டி டார்ச் அடித்துப் பாருங்கள். இன்னும் நல்லது: சுவரிலிருந்து கழற்றிப் பாருங்கள். ஓட்டல்காரர் நீங்கள்தானே.

ஆப் உங்கள் வைஃபையில் இணைந்த கருவிகளைத்தான் காட்டும். கெஸ்ட் நெட்வொர்க்கில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுத்திருந்தால் அதுவும் காட்டாது. தனி சிம் போட்ட கேமரா அந்தப் பட்டியலுக்குள் வராது. மெமரி கார்டில் பதியும் கேமரா எந்த அலையையும் வெளியே விடாது. ரேடியோ அலை டிடெக்டரும் அதன் முன் ஊமை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 64 ஜிபி கார்டு, நொடிக்கு 8 மெகாபிட் என்றால் ஏறத்தாழ 18 மணி நேரம். அதை எடுக்க ஒருவர் அறைக்குத் திரும்பி வந்தே ஆக வேண்டும். அந்த வருகை சாவிக்கொத்து சொன்ன பூட்டுப் பதிவில் விழும். டிடெக்டர் விட்டதைப் பூட்டு பிடிக்கும்.

இரவுப் பார்வை விளக்கு: 850 நானோமீட்டர் என்றால் இருட்டில் மங்கிய சிவப்பாகத் தெரியும். 940 என்றால் கண்ணுக்குத் தெரியாது, போன் கேமராவில் ஊதா கலந்த வெள்ளையாகத் தெரியலாம். பின் கேமராவில் வடிகட்டி இருக்கும், செல்ஃபி கேமராவில் பாருங்கள். டிவி ரிமோட்டை அழுத்தி, உங்கள் போன் அதைக் காட்டுகிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

வராந்தா சிசிடிவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 8 கேமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் என்றால் நாளுக்கு 173 ஜிபி. 1 டிபி டிஸ்க் ஆறு நாளுக்குள் நிரம்பி, பழையதை அழித்து எழுதும். விருந்தினர் ஊருக்குப் போய் யோசித்து ஏழாம் நாள் புகார் சொன்னால் காட்சி இருக்காது. 30 நாள் வேண்டுமானால் 6 டிபி போடுங்கள்.

#8 கறுப்புக்கோட்டு

சட்டத்தை ஒழுங்காகப் பிரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் "கேமரா இல்லையே, வெறுமனே பார்த்தால் குற்றமா" என்று கேட்பவர்கள் அதிகம். குற்றம்தான். பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவு "பார்ப்பது" என்ற சொல்லையே முதலில் வைக்கிறது. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று ஒரு பெண் நியாயமாக நம்பும் இடத்தில், உடை மாற்றும்போதோ கழிவறையிலோ தாம்பத்திய நேரத்திலோ பார்த்தாலும், படமெடுத்தாலும், படத்தைப் பரப்பினாலும் முதல் தடவை 1 முதல் 3 ஆண்டு சிறையும் அபராதமும். மறுதடவை 3 முதல் 7 ஆண்டு. 2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354சி ஆகச் சேர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் 77. பழைய பிரிவில் குற்றவாளி ஆண் மட்டுமே. இப்போது யாராக இருந்தாலும் பொருந்தும். பாதிக்கப்பட்டவர் மட்டும் இன்னும் பெண் என்றே இருக்கிறது.

ஆண் விருந்தினரைப் படமெடுத்தால்? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ. அது ஆண் பெண் பார்க்காது. அனுமதியின்றி ஒருவரின் அந்தரங்க உறுப்பைப் படமெடுத்தாலோ அனுப்பினாலோ 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கதவில் காதை வைத்து ஒட்டுக்கேட்பது 77-க்குள் வராது. ஒரு பெண்ணின் மானத்துக்குப் பங்கம் செய்யும் நோக்கில் அவர் அந்தரங்கத்துக்குள் நுழைவது 79-ஆம் பிரிவு.

பலருக்குத் தெரியாத இரண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இல் "பாதிக்கப்பட்ட பெண்" அங்கே வேலை பார்ப்பவராக இருக்கத் தேவையில்லை. அதனால் விருந்தினரும் உங்கள் உள்ளகக் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழு கட்டாயம். அடுத்தது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 20-ஆம் பிரிவு. குழந்தையைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்கும் படமோ பொருளோ கண்ணில் பட்டால் காவல்துறைக்குச் சொல்ல வேண்டியவர்கள் பட்டியலில் ஓட்டல், லாட்ஜ் ஊழியர்களைச் சட்டம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. சொல்லாமல் விட்டால் அதுவே தனிக் குற்றம்.

#9 மனமருந்து

லினன்ரூமின் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அதை ஒருவரும் தொடவில்லை.

எட்டிப் பார்த்த எல்லோரும் நோயாளி அல்ல. சுவீடனில் 1996-இல் 18 முதல் 60 வயதுள்ள 2450 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பில், மற்றவர் உறவு கொள்வதை ஒளிந்து பார்த்துக் கிளர்ச்சி அடைந்ததுண்டு என்று 7.7 சதவீதம் பேர் சொன்னார்கள். கோளாறு என்று சொல்ல டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் கண்டறியும் கையேடு) கேட்பது: குறைந்தது ஆறு மாதம் திரும்பத் திரும்ப வரும் தீவிரக் கிளர்ச்சி, பார்க்கப்படுவது தெரியாத ஒருவரைப் பார்ப்பதில், அந்த உந்துதலின்படி சம்மதமில்லாதவர் மேல் நடந்துகொண்டிருக்க வேண்டும், அல்லது அதனால் வாழ்க்கை குலைந்திருக்க வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-இல் இதற்கு எண் 6டி31.

குர்ட் ஃப்ராய்ண்ட் என்ற மருத்துவர் டொரண்டோவில் இருந்துகொண்டு வைத்த விளக்கம் இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்துகிறது. துணை தேடுவதில் நான்கு படி: கண்ணால் தேடுதல், பேசிப் பழகுதல், தொடுதல், கூடுதல். எட்டிப் பார்ப்பவரிடம் முதல் படி வீங்கி, அடுத்த படிகள் சுருங்கிப் போகின்றன என்றார். எல்லா வழக்கையும் இது விளக்காது. ஆனால் மாடி வேலையின் அமைப்பைப் பாருங்கள். அந்த ஊழியருக்கு விருந்தினரின் செருப்பு அளவு தெரியும், எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரியும், கட்டிலின் எந்தப் பக்கம் படுத்தார் என்றுகூடத் தெரியும். விருந்தினருக்கு இவர் முகம் தெரியாது. தெரிந்துகொள்வது முழுக்க ஒரு பக்கமாகவே நடக்கிறது. வேலையே அவரை முதல் படியில் நிறுத்தி வைக்கிறது. இரண்டாவது படிக்குப் பேச்சு வேண்டும், அவருக்குப் பேச ஆளில்லை. குப்பைக் கூடையைக் கிளறுவது, துண்டுச் சீட்டைப் படிப்பது, விருந்தினர் சட்டையைப் போட்டுப் பார்ப்பது என்று தொடங்கி, பிறகு கதவருகே நிற்பது வரலாம். இவற்றைச் சூப்பர்வைசர் கண்டால் திருட்டுச் சந்தேகம் என்று மட்டும் எழுதி விட்டுவிடக் கூடாது.

சிகிச்சை உண்டு. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் முதல் வேலை, சம்பவத்தை நிமிட வரிசையில் எழுதுவது. உதாரணமாக: 11.40 தண்ணீர் கொடுத்து முடித்தாயிற்று, அறை 207 பக்கமாகத் திரும்பி நடக்கிறார், பேச்சுச் சத்தம், நடை மெதுவாகிறது, நிற்கிறார், குனிகிறார். குனியும்போது தன்னைத் தடுக்க முயல்பவர் தோற்பார், உந்துதல் உச்சத்தில் இருக்கும். அறுக்க வேண்டிய இடம் 207 பக்கமாகத் திரும்பும் இடம். அடுத்த படிக்கட்டில் இறங்கிவிட வேண்டும். உந்துதல் அலை போல ஏறி இறங்கும், அதன்படி நடக்காமல் கடத்த முடியும் என்பதைப் பயிற்சியில் உடலே கற்றுக்கொள்கிறது.

மருந்தாக ஃபுளூக்ஸெட்டின், செர்ட்ரலின் போன்றவை பயன்படுகின்றன. பலன் தெரியச் சில வாரம் ஆகும். இரண்டாம் வாரமே "வேலை செய்யவில்லை" என்று நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கட்டுக்கடங்காத நிலையில் ஆண் ஹார்மோனைக் குறைக்கும் மருந்துகள் உண்டு. அவை எலும்பு அடர்த்தி, ரத்தப் பரிசோதனையோடு நிபுணர் கையில் மட்டுமே. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆம் பிரிவு, நோயாளி பற்றிய தகவலை ரகசியமாக வைக்கக் கட்டாயப்படுத்துகிறது. முதல் போன் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416 ஆக இருக்கலாம். இலவசம், இந்தி, தமிழ் உட்படப் பல மொழிகளில் பேசுவார்கள். மொழி தெரியாத ஊரில் இருப்பவருக்கு அது பெரிய விஷயம்.

#10 வாசல்படி

மன்னிக்க வேண்டும், இந்தப் பரிவு எனக்கு ஏற்கவில்லை. அறைக்குள் இருந்த பெண்ணுக்கு என்ன வழி? அவர் இனி எந்த ஓட்டலிலும் விளக்கை அணைக்காமல் தூங்கமாட்டார். அவரைப் பற்றி ஒன்பது பதிவில் ஒரு வரி இல்லை.

#11 மனமருந்து

நீங்கள் சொல்வது சரி, வரிசையில் அவர்தான் முதலில் வர வேண்டும். அவரை வேறு அறைக்கு மாற்றுவது போதாது. வேறு மாடிக்கு, அவர் கேட்டால் வேறு விடுதிக்கு, செலவு உங்களுடையது. "நீங்கள் தவறாகப் பார்த்திருப்பீர்கள்" என்று சொல்லும் வாய் ரிசப்ஷனில் இருக்கக் கூடாது. புகார் கொடுப்பதா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். கொடுக்காதே என்று சமாதானம் பேசக் கூடாது. 112, பெண்கள் உதவி எண் 181, படம் பரவும் பயம் இருந்தால் சைபர் கிரைம் இணையதளம், இவற்றை எழுதிக் கொடுங்கள். சிகிச்சை, வழக்குக்கு மாற்று ஆகாது. இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

#12 கறுப்புக்கோட்டு

கூடுதலாக: அவர் ஊர் திரும்பிவிட்டாலும் எந்தக் காவல் நிலையத்திலும் ஜீரோ எஃப்ஐஆர் போடலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் 173-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. சம்பவம் நடந்த ஊருக்கே வர வேண்டும் என்று யாரும் அலைக்கழிக்க முடியாது.

#13 நைட்ஆடிட்

தனிமை பற்றி மனமருந்து சொன்னதை ஷிப்ட் அட்டவணையாக மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பேச்சோடு நின்றுவிடும்.

இரவில் மாடிக்கு ஒருவர் என்பதைவிட இரண்டு மாடிக்குச் சேர்த்து இரண்டு பேர் நல்லது. ஆள் எண்ணிக்கை அதேதான். இரவில் அறைக் கதவு திறக்கும் வேலைக்கு இருவராகப் போவார்கள். இருவரில் ஒருவராவது மற்றவருடன் பேசக்கூடிய மொழிக்காரராக இருக்கட்டும். தொடர் இரவு ஷிப்ட் இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம். பகலில் தூங்குபவருக்கு நட்பு வைக்க நேரமே கிடைக்காது. அறைக்குள் வேலை செய்யும்போது டிராலி வாசலில் குறுக்கே, கதவு முழுக்கத் திறந்து. தட்டு, "ஹவுஸ்கீப்பிங்" என்று சொல், பத்து விநாடி நில், மூன்று முறை. டிஎன்டி (தொந்தரவு செய்யாதீர்கள்) போர்டு தொங்கினால் தட்டவே கூடாது, ரிசப்ஷனிலிருந்து போன் மட்டும்.

மொட்டை மாடி ஷெட்டை மாற்றுங்கள். வார விடுமுறை வெட்டாமல் கிடைக்க வேண்டும். சாப்பாட்டை ஷெட்டில் தனியாக இல்லாமல் கேன்டீனில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட அரை மணி நேரம். சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் அந்த நாளில் அவர் பெயரை ஒருவர் சொல்லிக் கூப்பிடும் ஒரே நேரம் அதுவாக இருக்கலாம்.

#14 லினன்ரூம்

ஒரு சந்தேகம், கேட்கத் தயக்கமாக இருக்கிறது. பார்ப்பதில்தான் ஒருவருக்கு நெருக்கம் தொடங்குகிறது என்றால், அவர் வாழ்நாள் முழுக்கத் தனியாகவே இருக்க வேண்டியதுதானா?

#15 மனமருந்து

இல்லை. வயது வந்த இருவர் தெரிந்து, விரும்பி, ஒருவர் பார்க்க மற்றவர் பார்க்கப்பட ஒப்புக்கொண்டால் அது கோளாறும் அல்ல, குற்றமும் அல்ல. ஊர் வழக்கத்துக்கு அது விசித்திரமாக இருக்கலாம், அது அவர்கள் வீட்டு விஷயம். எல்லைக் கோட்டைப் போடுவது ஆசை அல்ல, சம்மதம். படமெடுக்கச் சம்மதித்தவர் அதைப் பரப்பவும் சம்மதித்தார் என்று ஆகாது என்பதை 77-ஆம் பிரிவே தனி விளக்கமாகச் சொல்கிறது.

சிகிச்சையில் கடினமான பகுதி இதுதான். ஒளிந்து பார்ப்பவர் ஓடி ஒளிவது மறுப்பிலிருந்து. பார்க்கப்படுபவருக்குத் தெரியாததால் அவர் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. கேட்டுப் பெறுவதில் "வேண்டாம்" வரும். அதைத் தாங்கும் பழக்கத்தைச் சிறிதிலிருந்து தொடங்க வேண்டும்: டீக்கடையில் ஒருவரிடம் பேச்சுக் கொடுப்பது, கூட வேலை செய்பவரை "படத்துக்கு வர்றியா" என்று கேட்பது, வரவில்லை என்றால் மறுநாளும் சகஜமாகப் பேசுவது. துணை அமைந்த பிறகு இந்த ஆசையைச் சொல்ல நல்ல நேரம், நெருக்கமான தருணம் அல்ல. பகலில், உடை உடுத்தி, மறுக்க இடம் விட்டு. முதல் தடவையே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு உடனே பதில் கேட்டால் பெரும்பாலும் முறிந்துவிடும்.

#16 லினன்ரூம்

நன்றி. கடைசியாக ஒன்று: கையும் களவுமாகப் பிடித்தால் அவர் போனை வாங்கி வைக்கலாமா?

#17 கறுப்புக்கோட்டு

பிடுங்கிக் கேலரியைத் திறக்காதீர்கள். யார் திறந்தார்கள், என்ன அழித்தார்கள் என்ற சந்தேகம் வழக்கைக் கெடுக்கும். உள்ளே இருப்பதை "ஆதாரம்" என்று ஸ்டாஃப் குரூப்பில் போட்டால் பரப்பிய குற்றம் உங்கள் மேல் விழும். அவரை ரிசப்ஷனில் இரண்டு சாட்சிகளோடு உட்கார வைத்து, அடிக்காமல், 112-க்குப் போன் செய்யுங்கள். போனைப் போலீஸ் கைப்பற்றட்டும். அறையில் கேமரா கிடைத்தால் தொடாமல், கார்டை உருவாமல், இருந்த இடத்திலேயே படமெடுத்து, அறையைப் பூட்டி, நேரத்தை எழுதுங்கள். அன்றிரவே வராந்தா சிசிடிவியையும் பூட்டுப் பதிவையும் இரண்டு பிரதி எடுங்கள். அவை நீதிமன்றத்தில் நிற்க, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும்: ஏ பகுதியை அந்தக் கருவிக்குப் பொறுப்பானவரும், பி பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும், ஹேஷ் எண்ணும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) எழுத வேண்டும். சிசிடிவி காட்சியைப் பதியும் பெட்டியின் (டிவிஆர்) பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள்.